நானூற்று எழுபத்தொரு கோடிச் சொச்சம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பென்னலூரில் ரகுபதி வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவன் கையிலிருந்த செல்போனைப் பார்த்து ஓர் எண்ணைப் படித்தான்.

"நாலு, ஏழு, ஒண்ணு, சைபரு, மூணு, எட்டு, ரெண்டு, ஆறு, அஞ்சு, எட்டு."

அவ்வளவுதான் படித்தான். ரகுபதியின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துப் போனது. கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ அவன் பாதத்திலேயே வழிந்தது. ஆவி பறக்கிற டீ. அவன் காலை நகர்த்தவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓர் எண்ணைக் கேட்டு ஒரு மனுஷன் இப்படி ஆவானா என்று நினைத்தேன்.

ரகுபதி யார் என்று சொன்னால்தான் இது விளங்கும்.

அவன் என் தம்பி நடேசனின் மகன். நடேசன் என் கூடப் பிறந்தவன் இல்லை, சித்தப்பா மகன். சித்தப்பாவுக்கு இரண்டு கல்யாணம். மூத்தவள் வல்லக்கோட்டைக்காரி, அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. இளையவள் பிள்ளைப்பாக்கத்துக்காரி, அவள் வயிற்றில் வந்தவன் நடேசன். கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அவன்தான் தம்பி, அவன் மகனுக்கு நான்தான் அத்தை. எங்கள் நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு நடேசன் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை பார்த்தான். பழைய மொபெட் ஒன்றை வாங்கி அதில் போய் வந்துகொண்டிருந்தான். ரகுபதி ஒன்பதாவது படிக்கும்போது, நெடுஞ்சாலையைத் தாண்டும்போது லாரி அடித்து நடேசன் போய்விட்டான்.

சாவு வீட்டில் மணிமங்கலத்து மச்சான் ஒருவன், நசுங்கிக் கிடந்த மொபெட்டின் நம்பர் பலகையைக் குனிந்து பார்த்தான்.

"அஞ்சு நாலு ஏழு ஒண்ணு. கூட்டிப் பாரு, பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. எட்டு வர்ற வண்டிய எவனாவது வாங்குவானா? அறிவு வேணாம்?" என்றான்.

பிணத்தை இன்னும் எடுக்கவில்லை. பக்கத்தில் மொட்டையடித்த தலையோடு பிள்ளை நின்றிருந்தது. அந்த மச்சான் அதோடு மறந்து பந்தல் நிழலில் போய்ப் பீடி பற்றவைத்தான். பிள்ளை மறக்கவில்லை.

அன்றிலிருந்து ரகுபதி எந்த எண்ணைப் பார்த்தாலும் கூட்ட ஆரம்பித்தான். பஸ் நம்பர், கரண்ட் மீட்டர் நம்பர், சிலிண்டர் மேல் எழுதியிருக்கும் நம்பர், எதையும் விடமாட்டான். அதற்கு ஒரு குறுக்கு வழியும் வைத்திருந்தான். எனக்கும் ஒருமுறை சொன்னான். நான் மூன்றாவதோடு நின்றவள், எனக்கே சட்டென்று புரிந்துவிட்டது. ஏனென்றால் அது முறை பார்க்கிற மாதிரிதான். நாலுக்கு அஞ்சு ஜோடி. ஏழுக்கு இரண்டு. மூன்றுக்கு ஆறு. ஒன்றுக்கு எட்டு. ஜோடி சேர்ந்தால் ஒன்பது, அதைத் தள்ளிவிடலாம். ஒன்பதே வந்தால் அதுவும் ஒண்டிக்கட்டையாகப் போய்விடும். சைபரை எண்ணவே வேண்டாம். எல்லா ஜோடியும் பந்தியை விட்டு எழுந்து போன பிறகு யார் மிச்சம் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களைக் கூட்டினால் வருவதுதான் அந்த எண்ணின் குணம். ஒருவரும் இல்லாவிட்டால் ஒன்பது. எண் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இதுதான் வழி. இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டாலும் மிச்சம் மாறாது. மாமன் முதல் இலையில் உட்கார்ந்தாலும் கடைசி இலையில் உட்கார்ந்தாலும் மாமன்தானே.

மிச்சம் எட்டு வந்துவிட்டால் ரகுபதி அந்தப் பொருளைத் தொடமாட்டான்.

மஞ்சுளாவைப் பெண் பார்க்கப் போனபோது, காபியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அவள் செல் நம்பரைக் கேட்டான். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு அவசரம் என்று சிரித்தார்கள். எனக்குத்தான் தெரியும், அவன் உதடு அசைந்துகொண்டிருந்ததை. மிச்சம் மூன்று வந்தது, கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் மஞ்சுளா சொல்லிக் காட்டுவாள்: "என்னப் பாக்க வந்தாரா, என் சிம் கார்டப் பாக்க வந்தாரான்னு இன்னும் தெரியல அத்தே." அவர்கள் கட்டின வீட்டுக்குக் கதவு எண் அறுபத்திரண்டு என்று வந்தது. இவன் பெயின்ட் வாங்கி வந்து பக்கத்தில் ஒரு 'ஏ' எழுதிவிட்டான். ஏ என்றால் ஒன்றாம், எட்டும் ஒன்றும் ஒன்பதாம். தபால்காரர் மட்டும் அறுபத்திரண்டு எங்கே என்று இன்னும் தேடுகிறார்.

மற்றபடி அவன் தங்கமான பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்து, ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தான். ஒரு நாள் லீவு போடமாட்டான். அப்படியே ஏறி ஒரு லைனுக்கு லீடர் ஆனான். அந்த லைனின் கடைசியில் ஒரு மெஷின் உண்டு. ஒவ்வொரு பாகத்தின் மேலும் அது ஒளியால் சுட்டு ஓர் எண்ணைப் பொறிக்கும். பத்து இலக்க எண். பக்கத்திலேயே புள்ளி புள்ளியாக ஒரு குட்டிச் சதுரத்தையும் பொறிக்கும், பெட்டிக்கடையில் காசு அனுப்ப ஒட்டி வைத்திருக்கிறார்களே, அது மாதிரி. ஒரு தடவை அவன் போனில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நான் மலைத்துப் போனேன்.

"இன்னாடா இது, நானூத்தி எழுபத்தொரு கோடி வருது? அத்தினி சாமானா செஞ்சிட்டீங்க?"

"அய்யோ அத்தே, முன்னால கீறதெல்லாம் லைன் நம்பரு, வருச நம்பரு. பின்னால கீறதுதான் எண்ணிக்கை. ஒண்ணொண்ணா ஏறிக்கினே போவும்."

ஒரு எண் ஒரு பாகத்துக்குத்தான். வண்டி ரோட்டில் போய்ப் பத்து வருஷம் கழித்து பிரேக்கில் கோளாறு என்றாலும், அந்த எண்ணை வைத்து யார் செய்தது, எந்த நாள், எந்த இரும்பு என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

அந்த மெஷினில் நிற்கிறவள் மாரிசெல்வி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், கான்ட்ராக்ட்டில் வேலைக்கு வந்தவள். ரகுபதி வீட்டு மாடி ரூமில்தான் இன்னும் இரண்டு பெண்களோடு வாடகைக்கு இருந்தாள். அப்பா பிச்சையா தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்தவர். தங்கச்சிக்கு இந்தத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தார்கள். வாய் ஓயாத பெண். ரகுபதியின் எட்டுப் பயம் அவளுக்குத் தின்பண்டம் மாதிரி.

"அண்ணே, எட்டுக்கால் பூச்சியப் பாத்தா என்ன செய்விய? ஓடிருவியளா?"

"நீ வேலையப் பாரு."

"எட்டு முழ வேட்டி கட்டுவியளா, மாட்டியளா? அதையாவது சொல்லுங்க."

உள்ளேயிருந்து மஞ்சுளா குரல் கொடுப்பாள்: "ஏழரைதாம்மா கட்டுவாரு. அதான் எங்கள புடிச்சு ஆட்டுது."

ரகுபதியும் சிரிப்பான். அப்படித்தான் அந்த வீடு இருந்தது.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். அந்தக் கம்பெனியில் அன்றைக்கு லைனை நிறுத்தி மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். பூஜை முடிந்து மெஷினை ஓட்டினால் முதலில் வருகிற பாகத்தை அனுப்பமாட்டார்கள். அதற்குப் பொட்டு வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். மறுநாள் விஜயதசமிக்குத்தான் அது பெட்டிக்குள் போகும். அதோடு நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்த வருஷம் லைன் நல்லபடி ஓட வேண்டும் என்பதற்காக அந்த ஒரு பாகம்.

அந்த ஒரு பாகத்தின் எண் எட்டாக வந்துவிடக் கூடாது என்பது ரகுபதியின் கவலை. வருகிற மாதிரி இருந்தால் முதல் நாள் சாயங்காலமே ஒரு பாகத்தைக் கூடுதலாக ஓட்டிவிடுவான். எண் தள்ளிப் போய்விடும், யாருக்கும் நஷ்டமில்லை. இந்த வருஷம் முதல் நாள் இரும்பு வார்ப்பு ஏற்றிவந்த லாரி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. மறுநாள் பூஜை. வார்ப்பு காலையில்தான் வந்து சேர்ந்தது. மெஷின் திரையில் அடுத்து வர வேண்டிய எண் நின்றிருந்தது. ரகுபதி பார்த்தான். நாலும் அஞ்சும் போனது. ஏழும் இரண்டும் போனது. மூன்றும் ஆறும் போனது. ஒன்றும் ஒரு எட்டும் போனது. இன்னொரு எட்டு மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தது.

பின்னால் நாற்பது ஐம்பது பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள். மேலதிகாரிகள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள்.

மெஷின் தப்பாகப் பொறித்துக் கெடுத்துவிட்டால் அந்த எண்ணைத் தாண்டிப் போவதற்கு லைன் லீடரிடம் ஒரு ரகசிய எண் உண்டு. கெட்டுப்போன பாகத்தைப் பூட்டுப் போட்ட சிவப்புத் தொட்டியில் போட்ட பிறகுதான் அதை அடிக்க வேண்டும். ரகுபதி, "மாரி, கற்பூரத் தட்ட எடுத்தா" என்று அந்தப் பெண்ணை அனுப்பினான். அவள் அந்தப் பக்கம் போனதும் ரகசிய எண்ணை அடித்தான். திரையில் கடைசி எட்டு ஒன்பதானது. மிச்சம் ஒன்றுமில்லை. மாரிசெல்வி தட்டோடு வந்தாள், மெஷினை ஓட்டினாள், பொட்டு வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள்.

மெஷினில் சொருகியிருந்தது மாரிசெல்வியின் அடையாள அட்டை. மெஷினில் எது நடந்தாலும் அட்டைக்கு உரியவர் பெயரில்தான் பதிவாகும். அதை இவன் யோசிக்கவே இல்லை.

தீபாவளி போன பிறகு, பாகங்களை வாங்குகிற கம்பெனி ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தது. எந்த எண்ணாக இருந்தாலும் ஒன்று பெட்டியில் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டியில் கிடக்க வேண்டும். ஒன்று இரண்டிலும் இல்லை. பூஜை நாள், மாரிசெல்வியின் அட்டை. பிரேக் பாகத்தை வெளிச் சந்தையில் விற்கிற கூட்டம் இருக்கிறதாம். திருடிவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்.

ஜீப்பில் வந்தவன் வெங்கடேசன். ஆள் எடுத்துக் கொடுக்கிற கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். கூட இரண்டு செக்யூரிட்டி.

"இன்னா ரகு, அந்தப் பொண்ணு உன் வூட்லதான் குடியிருக்குதா? நல்லா பாத்து வெச்ச போ. இந்த நம்பர் பீஸு காணோம்" என்று சொல்லித்தான் அந்த எண்ணைப் படித்தான்.

ரகுபதி அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள எந்த எழுத்தையும் பார்க்க வேண்டியதில்லை. காதில் விழும்போதே ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் எட்டு நின்றது. டீ காலில் கொட்டியது.

நான் அதைப் பயம் என்று நினைத்தேன். எட்டு வீடு தேடி வந்துவிட்டதே என்று பயப்படுகிறான் என்று நினைத்தேன்.

அதற்குள் அவர்கள் மாடி ஏறிவிட்டார்கள். மாரிசெல்வி அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றிருந்தாள். கூட இருந்த பெண்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிவந்து, மாடிப்படியின் அடியில், தெருவைப் பார்க்கக் கொட்டினார்கள். ஒரு வயசுப் பெண்ணின் பெட்டியில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் படியில் சிதறியது. தங்கச்சி கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த பட்டு ஜரிகைத் துண்டு ஒன்று சாக்கடை ஓரம் வரை போய் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், பால் வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"யோவ், கைய எடுய்யா! பொம்பளப் புள்ள பொட்டி அது!" என்று மஞ்சுளா கத்திக்கொண்டு ஓடினாள்.

"நான் எடுக்கலண்ணே. சத்தியமா எடுக்கல. பிரேக்க வச்சு நான் என்ன செய்யப் போறேன், சைக்கிள் கூட இல்ல எங்கிட்ட" என்றாள் மாரிசெல்வி. அழக்கூட இல்லை. யாரோ கன்னத்தில் அறைந்தது போல் விழித்துக்கொண்டு நின்றாள். "ரகு அண்ணே, நீங்க சொல்லுங்க. நான் அப்பிடிச் செய்வேனா?"

ரகுபதி காலி டம்ளரைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெங்கடேசன் சொன்னான்: "உங்க அப்பாருக்கு விடிஞ்சதுமே போன் போட்டுட்டேன். உம் பொண்ணு திருடி மாட்டிக்கினான்னு சொல்லிட்டேன். வந்துகினு கீறாரு. அவரு வர்றதுக்குள்ள ஒத்துக்கினு ஒரு கையெழுத்து போட்டுட்டீன்னா, போலீஸு கேஸு இல்லாம முடிச்சுவுட்டுடலாம்."

அப்பா பெயரைக் கேட்டதும்தான் அந்தப் பெண் சுவரைப் பிடித்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்கய்யாட்ட சொல்லிட்டியளா? திருடின்னா சொன்னிய?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். தனியாக விடமாட்டேன் என்று மஞ்சுளாவும் போட்டிருந்த சேலையோடு ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஜீப் போன பிறகு நான் ரகுபதியைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்னாடா ஆச்சு உனக்கு? பேய் அடிச்சாப்ல நிக்கிற?"

"அத்தே, அந்த நம்பர நான்தான் தாண்ட வுட்டேன்."

"எத்தத் தாண்ட வுட்ட?"

"பூசை அன்னிக்கு. அது எட்டு அத்தே. மொத பீஸு எட்டா வந்துச்சு. ரகசிய நம்பரப் போட்டுத் தாண்டிட்டேன். அந்த நம்பர்ல பீஸே அடிக்கல. எவளும் எதையும் எடுக்கல."

நான் இந்த வயசில் எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன், சொத்துச் சண்டையில் அரிவாள் தூக்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது ஆன மாதிரி எனக்கு எப்போதும் ஆனதில்லை. இல்லாத ஒன்றைத் திருடினாள் என்று ஒரு பெண்ணைத் தெருவில் வைத்து அவமானப்படுத்திவிட்டார்கள். அது இல்லாதது என்று தெரிந்த ஒரே ஆள் என் தம்பி மகன், என் கண் முன்னால் டீக்கறையோடு நிற்கிறான்.

"பொட்டியக் கொட்டும்போது வாயில இன்னாடா வெச்சினு இருந்த?"

"வாய் வரல அத்தே. சொன்னா வேலை போயிடும். தெரிஞ்சே தப்பு பண்ணதா ஆவும்."

"அவ கையெழுத்து போட்டுட்டா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். உள்ளே போய்ச் சட்டையை மாட்டினான். வண்டியை எடுத்தான். பட்டனை மாற்றிப் போட்டிருந்தான், அதைக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஆபீசில் நடந்ததை மஞ்சுளா பாதியும் ரகுபதி பாதியுமாகச் சொன்னார்கள். அங்கே தர அதிகாரி சங்கரநாராயணன் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். மேசை மேல் பேப்பரும் பேனாவும் இருந்தன. மாரிசெல்வி பேனாவைத் தொடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். ரகுபதி போய் நின்று, ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பூஜை, லாரி, எட்டு, ரகசிய எண், கற்பூரத் தட்டு, எல்லாம்.

வெங்கடேசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "எட்டா? எட்டுன்னா? இன்னா சொல்ற நீ?" என்றான். அவனுக்குப் புரியவே இல்லை.

சங்கரநாராயணனுக்குப் புரிந்தது.

"ரகுபதி, ஒன்பது பீஸுக்கு ஒண்ணு எட்டு வரும். தெரியும்ல?"

"தெரியும் சார். மொத பீஸு வரக் கூடாதுன்னுதான்."

"சரி. அந்த நம்பரோட கடைசி இலக்கம் என்ன?"

"எட்டு சார்."

"இல்ல. ஒண்ணு."

அவர் மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பாகத்தை எடுத்து, அந்தப் புள்ளிச் சதுரத்தின் மேல் படிக்கிற கருவியைக் காட்டினார். கம்ப்யூட்டரில் எண் வந்தது. பத்து இலக்கம் இல்லை, பதினொன்று.

"மேல எழுதியிருக்கிறது ஆளுங்க படிக்க. பத்துதான். சதுரத்துக்குள்ள இருக்கிறது மெஷின் படிக்க. அதுல கடைசியா ஒரு இலக்கம் மெஷினே சேத்துக்கும். எல்லாத்தையும் கூட்டினா ஒன்பதால மிச்சமில்லாம வகுபடணும், அதுக்கு என்ன வேணுமோ அதப் போடும். படிக்கிற கருவி ஏதாவது ஒரு இலக்கத்தத் தப்பாப் படிச்சா அநேகமா வகுபடாது, உடனே கத்தும். உங்க நம்பருக்குக் கூட்டுத்தொகை நாப்பத்திநாலு. மிச்சம் எட்டு. அதனால ஒண்ணு சேரும். நாப்பத்தஞ்சு."

"ஒம்போது" என்றான் ரகுபதி.

"ஒன்பதுதான்."

"எல்லா பீஸுக்குமா சார்?"

"இந்த மெஷின் வந்த நாள்ல இருந்து எல்லா பீஸுக்கும்."

"அப்ப எட்டே கெடயாதா சார்?"

"நம்ம லைன்ல எட்டே கெடயாது, ரகுபதி."

ரகுபதி தரையில் உட்கார்ந்துவிட்டான் என்று மஞ்சுளா சொன்னாள். எட்டுக்கு ஒன்று ஜோடி என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவன் அவன். ஒவ்வொரு எட்டுக்கும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஒன்று உட்கார்ந்திருந்தது. வருஷக்கணக்காக அவன் பயந்து பயந்து தள்ளிவிட்ட எண்கள் எல்லாம் அவன் கும்பிட்ட ஒன்பதாகவே இருந்திருக்கின்றன. அதைத் தாண்டுவதற்காகத்தான் இந்தப் பெண்ணைக் கற்பூரம் எடுக்க அனுப்பியிருக்கிறான்.

மாரிசெல்வி பேனாவைத் தள்ளிவிட்டு ரகுபதி பக்கம் திரும்பினாள்.

"எட்டப் பாத்துப் பயந்திய, சரி. பெட்டியக் கொட்டும்போது என்னையும் பாத்துட்டுத்தான நின்னிய. ஒரு வார்த்த சொன்னியளா?"

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்று ரகுபதி பிறகு சொன்னான்.

சங்கரநாராயணன் அந்தப் பேப்பரைக் கிழித்தார். ரகுபதியின் அட்டையை வாங்கி மேசை டிராயரில் போட்டார். விசாரணை முடிகிற வரைக்கும் உள்ளே வரக் கூடாது, லீடர் வேலை இனி இல்லை, எண்ணை மறைத்தது சின்ன விஷயமில்லை என்றார். மாரிசெல்வியைப் பார்த்து, "நாளைக்கு ஷிப்ட்டுக்கு வாம்மா. உம்மேல ஒண்ணுமில்ல" என்றார்.

"எங்கய்யாட்ட யாரு சார் சொல்லுவா?"

வெங்கடேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நானே போன் போட்டுச் சொல்லிடறேன்மா" என்றான்.

"நீங்க சொல்லாண்டாம். திருடின்னு சொன்ன வாயால நல்ல புள்ளன்னும் சொல்லாண்டாம். அந்த அண்ணன் சொல்லணும். எங்க வச்சுப் பெட்டியக் கொட்டுனியளோ, அங்க வச்சுச் சொல்லணும். எல்லாருக்கும் கேக்கணும்."

அப்படியே வந்தார்கள். உச்சி வெயில். ஜீப் மறுபடி வந்ததைப் பார்த்து, காலையில் நின்ற கூட்டம் தானாகவே சேர்ந்துவிட்டது. சாமான்கள் கொட்டின இடத்திலேயே கிடந்தன. ஜரிகைத் துண்டை மட்டும் நான் எடுத்து அலசிக் கொடியில் போட்டிருந்தேன். ரகுபதி மாடிப்படிக்கு அடியில் நின்று, பிச்சையாவின் நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்டது. அந்த மனுஷன் திருச்சியில் பஸ் மாறிக்கொண்டிருந்தார்.

"யாருங்க?"

"நான் ரகுபதிங்க. உங்க பொண்ணு குடியிருக்கிற வூட்டுக்காரன். லைன் லீடரு."

"அய்யா, எம் புள்ள..."

"உங்க பொண்ணு ஒண்ணும் திருடல. தப்பு என்னுது. நான்தான் ஒரு நம்பரத் தாண்டவுட்டேன். அது எட்டா இருந்துச்சு, அதுக்குப் பயந்துகினு தாண்டவுட்டேன். காலைல பொட்டியக் கொட்டும்போது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம நின்னேன்."

எதிர்வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

போனில் கொஞ்ச நேரம் கண்டக்டர்கள் ஊர் பெயர் சொல்லிக் கூவுவது மட்டும் கேட்டது. பிறகு பிச்சையா, புரியாத ஆள் கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்:

"அப்பம் அந்தச் சாமான் எங்கய்யா இருக்கு?"

"எங்கயும் இல்லீங்க. செய்யவே இல்ல. வெறும் நம்பருதான்."

"செய்யாத சாமானுக்காய்யா எம் புள்ள பெட்டியத் தொறந்திய?"

ரகுபதி பதில் சொல்லப் பார்த்தான். உதடுதான் அசைந்தது. கூட்டுகிற பழக்கத்தில் அசைகிற மாதிரியே அசைந்தது, சத்தம் வரவில்லை.

"புள்ளைட்ட குடுங்க" என்றார் பிச்சையா.

மாரிசெல்வி போனை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. பேசிவிட்டு வந்து போனை ரகுபதியின் கையில் கொடுக்காமல் படியில் வைத்தாள்.

மஞ்சுளா குனிந்து, சிதறிக் கிடந்த துணியை எடுக்கப் போனாள்.

"அக்கா, தொடாதிய. எங்கய்யா வாராக. அவுக பாக்கட்டும். அவுக முன்னால நானே அடுக்கிக்கிடுதேன்" என்றாள் மாரிசெல்வி. "வேலைக்கு நாளைக்கே போவேன். இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூட்டம் மெல்லக் கலைந்தது. வெங்கடேசன் ஜீப்பில் ஏறிப் போனான். ரகுபதி மட்டும் அந்தச் சாமான்களுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. கோழி வந்தால் விரட்டினான், காற்றில் ஒரு பாவாடை நகர்ந்தபோது அதைத் தொடாமல் எழுந்து காற்றுக்கு மறைப்பாக நின்றான். அந்தத் தெரு வழியாகப் போனவர்கள் எல்லாம் வண்டியை மெதுவாக்கி, சுற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம், தோளில் மஞ்சள் பையோடு, யாரையும் வழி கேட்காமல், கீழே கிடந்த துணிகளைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு ஒரு மெலிந்த மனுஷர் அந்த வாசலில் வந்து நிற்கிற வரைக்கும், ரகுபதி அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.